கற்பிக்க ஆள் வேண்டுமென்றால், கற்பிப்பதைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய தத்துவத் துறைத் தலைவர் அவர்களுக்கும் நியமனக் குழுவினருக்கும்,

துறையின் சார்பில் சென்ற மாதம் வெளியான வேலை அறிவிப்பைத் திருத்தி மறுபடி வெளியிட வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

தலைப்பில் "கற்பித்தலுக்கு முதன்மை தரும் விரிவுரையாளர்" என்று போட்டிருக்கிறீர்கள். உள்ளே படித்தால் கற்பித்தலைத் தேடவேண்டியிருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியல் வேண்டும், எழுத்து மாதிரி வேண்டும், அடுத்த சில ஆண்டுகளுக்கான ஆய்வுத் திட்டம் வேண்டும். நேர்காணல் நாளில் நாற்பது நிமிட ஆய்வுரை. கற்பித்தலுக்கு? விண்ணப்பிப்பவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொடுக்கும் ஒரு பக்கம். அவ்வளவுதான். வேலையோ முழுக்க முழுக்கக் கற்பித்தல்: பருவத்துக்கு மூன்று பாடம், ஆகஸ்டிலிருந்து மே வரை பத்து மாத ஒப்பந்தம், "துறையின் தேவையைப் பொறுத்து நீட்டிக்கப்படலாம்" என்ற ஒரு வரி.

நான் இந்த வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை. உங்கள் துறையில் படித்தேன், பிறகு சில ஆண்டுகள் அங்கேயே பகுதிநேர ஆசிரியராக டுட்டோரியல் (சிறு குழு வகுப்பு) நடத்தினேன், இப்போது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பைத் தரும் ஒரு தொடக்கக் கல்லூரியில் பொதுத்தாளும், அறிவு என்றால் என்ன என்று ஆராயும் 'நாலெட்ஜ் அண்ட் இன்குவைரி' என்ற பாடமும் சொல்லிக்கொடுக்கிறேன். நான் அனுப்பி வைக்கும் பிள்ளைகள்தான் இரண்டு மூன்று ஆண்டு கழித்து உங்கள் முதலாண்டு வகுப்பில் உட்காருகிறார்கள். என் அக்கறை அதுதான்.

இதையே ஆங்கிலத்தில் முறைப்படி உங்களுக்கு எழுதினேன். "தங்கள் கருத்து கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று பதில் வந்தது. கவனத்தில் கொண்டதற்கு அடையாளமாக அறிவிப்பில் ஒரு கமா கூட மாறவில்லை. ஆகவே இம்முறை வெளிப்படையாக, தமிழில். குழுவில் தமிழ் வாசிப்பவர் ஒருவராவது இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தவிர, "தத்துவம் படிச்சு என்ன செய்யப்போற?" என்று பிள்ளையிடம் தமிழில் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் இது தெரியவேண்டிய விஷயம்.

இப்போது நீங்கள் நிரப்பப் பார்ப்பது ஓய்வுபெற்றுப் போன ஒருவரின் இடம். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன். அவருடைய அறிமுகப் பாடத்துக்கு நான் டுட்டோரியல் எடுத்தபோது, விரிவுரைகளிலும் போய்ப் பின்வரிசையில் உட்காருவேன். ஒரு வகுப்பை மட்டும் இங்கே சொல்கிறேன்.

பருவத்தின் முதல் வாரம். திரையில் எதுவும் இல்லை. பலகையில் மூன்று வரி எழுதினார்: இந்த மலையில் நெருப்பு இருக்கிறது. ஏனென்றால் புகை தெரிகிறது. சமையலறையைப் போல. இந்தியத் தர்க்க மரபில் காலங்காலமாக வரும் உதாரணம் அது. மணிமேகலையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை, அதாவது அறியும் வழிகள், பற்றி விளக்கும் இடத்திலும் இதுதான் வருகிறது. அதை அவர் சொன்னதும், தமிழ் இலக்கியம் பாடமாக எடுத்துவிட்டு வந்திருந்த ஒரு பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அதற்குள் பக்கவாட்டில் இருந்து பொறியியல் மாணவி ஒருத்தி கை தூக்கினாள். "ப்ரொஃப், ஹேஸ் (புகைமூட்டம்) நேரத்துல என்ன செய்றது? புகை இங்க ஈசூன்ல, நெருப்பு அங்க இந்தோனேசியாவுல, சுமத்ராவுல."

அரங்கு சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு மேசை விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "சரி, அப்படியென்றால் இந்த மூன்று வரியில் எந்த வரி உடைந்தது?" என்று கேட்டார்.

மிச்ச நேரம் முழுக்க அந்தக் கேள்விதான். புகை இருந்தால் நெருப்பு இருக்கும் என்பது உடையவில்லையே, 'இந்த மலையில்' என்பதுதானே உடைந்தது என்றான் ஒருவன். சமையலறை உதாரணத்தில் புகையும் நெருப்பும் ஒரே அறையில் இருப்பதால்தான் நாம் ஏமாறுகிறோம் என்றாள் இன்னொருத்தி. 2013 ஜூனில் காற்றுத்தரக் குறியீடு அபாய அளவான 401-ஐத் தொட்டது நினைவிருக்கிறதா என்று அவர் கேட்டார். அன்று எங்கோ நெருப்பு இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, யாருடைய நிலத்தில் என்பதில்தான் சண்டை. அடுத்த ஆண்டே சிங்கப்பூர் எல்லை தாண்டிய புகைமாசுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வெளியே ஒரு நிலத்தில் தீ எரிந்து, செயற்கைக்கோள் படமும் காற்றின் திசையும் புகை நம் பக்கம் நகர்வதைக் காட்டினால், இங்கே இருக்கும் புகைமாசில் அந்தத் தீயின் புகையும் உண்டு என்று அந்தச் சட்டம் ஊகித்துக்கொள்கிறது. இல்லை என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் வேலை. "இது அனுமானமா, இல்லை நாமே வைத்துக்கொண்ட விதியா? காரணத்தைக் கண்டுபிடிப்பதும் பொறுப்பைச் சுமத்துவதும் ஒரே வேலையா?" என்று கேட்டுவிட்டு, நேரம் முடிந்துவிட்டது, அடுத்த வாரம் பார்ப்போம் என்று கிளம்பிவிட்டார். பிள்ளைகள் கேண்டீன் வரிசையில் நின்றும் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாணவியின் கேள்வி அவருடைய பாடக்குறிப்பில் இருந்திருக்காது. வந்த கேள்வியைப் பிடித்து, அது எந்த இடத்தில் ஒரு தத்துவச் சிக்கலாக மாறுகிறது என்பதை அந்த நிமிடமே கண்டு, அரங்கில் இருந்தவர்களை அதன் பின்னால் இழுத்துக்கொண்டு போகத் தெரிய வேண்டும். இதை எந்தக் கட்டுரைப் பட்டியலில் பார்ப்பீர்கள்? ஆய்வுரை என்பது, அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று ஏற்கெனவே தெரிந்தவர்கள் முன்னால் பேசுவது. முதலாண்டு அரங்கில் பாதிப் பேர் கட்டாயப் பாடத்தை முடித்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள். இரண்டும் வேறு வேறு திறமை. ஒருவரிடமே இரண்டும் இருக்கலாம், எனக்குத் தெரிந்தே சிலர் அப்படி இருக்கிறார்கள். ஆனால் ஒன்றைச் சோதித்துவிட்டு மற்றதும் இருக்கும் என்று முடிவுகட்டுவதை, உங்கள் முதலாண்டு மாணவர் ஒருவர் தேர்வுத்தாளில் எழுதினால் நீங்களே மதிப்பெண் தர மாட்டீர்கள்.

இந்த ஊரில் முதல் வகுப்பான தொடக்கநிலை ஒன்றில் பாடம் நடத்த வருபவரைக்கூட, தேசியக் கல்விக் கழகம் பள்ளிக்கு அனுப்பிப் பயிற்சி எடுக்க வைக்கிறது. வகுப்பின் கடைசியில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெடுக்கிறார். பல்கலைக்கழகத்தில் கற்பிப்பதற்காக மட்டுமே ஒருவரை எடுக்கிறீர்கள், அவர் கற்பிப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை. என்னால் இதை விளங்கிக்கொள்ள முடியவில்லை.

அடுத்தது திருத்தும் வேலை. தத்துவத்தைப் பொறுத்தவரை பாடம் பாதி விரிவுரையில் நடக்கிறது, மீதி கட்டுரையின் ஓரத்தில் நடக்கிறது. உறுப்பு தானம் பற்றி ஒரு மாணவர் எழுதியிருந்தார்: நம் நாட்டில் 1987 முதல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இருக்கிறது, வேண்டாம் என்று பதிவு செய்யாதவர் சம்மதித்தவர்தான், ஆகவே பிரச்சினை இல்லை. பக்கம் பக்கமாக இதையே திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார். என் மூத்த ஆசிரியர் பச்சை மையில் ஓரத்தில் எழுதியது இது: "மறுக்காமல் இருப்பதும் சம்மதிப்பதும் ஒன்றா? ஒன்று என்றால், ஏன்? இல்லை என்றால், சட்டம் வேறு எந்த நியாயத்தின் மேல் நிற்க முடியும்? உங்களை மறுப்பவர் 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று ஒத்துக்கொள்ளும் அளவுக்கு அவர் வாதத்தை எழுதுங்கள். பிறகு மறுங்கள்." அந்த மாணவர் மறுபடி எழுதிக் கொண்டுவந்தார். பிரமாதமான கட்டுரை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் முதல்முறையாக ஒரு வாதம் இருந்தது.

இப்படித் திருத்த 1,500 சொல் கட்டுரை ஒன்றுக்கு 25 நிமிடம் ஆகும். குறைவாகவே கணக்குப் போடுவோம். பாடத்துக்கு 60 மாணவர், ஆளுக்கு இரண்டு கட்டுரை என்றால் 120 கட்டுரை, 50 மணி நேரம். நீங்கள் சொல்லும் மூன்று பாடத்துக்கு 150 மணி நேரம். இது 13 வாரத்தில் சீராகப் பரவி வருவதும் இல்லை, பருவ நடுவிலும் கடைசியிலும் குவியலாக வந்து விழும். இதற்கு மேல் இப்போது சாட்ஜிபிடி இருக்கிறது. எழுதியது பிள்ளையா இயந்திரமா என்று மென்பொருளை வைத்துத் துப்பறிவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கூப்பிட்டு உட்காரவைத்து, "இந்த மூன்றாவது பத்தியை நீயே விளக்கு" என்று கேட்பதுதான் நான் கண்ட ஒரே வழி. ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலும் 180 பேருக்கு 30 மணி நேரம். இதையெல்லாம் ஒருவர் தலையில் வைத்து, கூடவே ஆய்வுத் திட்டமும் கேட்டால், எதைக் கைவிடுவார்? கட்டுரை ஓரத்தைத்தான். அதைக் கைவிட்டால் யாரும் புகார் செய்ய மாட்டார்கள். சும்மா ஒரு பி பிளஸ் போட்டுத் தள்ளினால் போதும்.

பத்து மாத ஒப்பந்தம்தான் எனக்கு எல்லாவற்றையும்விட உறுத்துகிறது.

ஒரு பாடத்தை முதல்முறை நடத்தும்போது நம் கவனமெல்லாம் பாடத்தின் மேல். இரண்டாம் முறைதான் மாணவர்கள் கண்ணில் படுகிறார்கள். எந்த வாரத்தில் தடுக்கி விழுகிறார்கள், எந்த வாசிப்பு அவர்களை ஓட வைக்கிறது, எந்த உதாரணம் இந்த ஊரில் எடுபடாது என்பதெல்லாம் அப்புறம்தான் பிடிபடும். பத்து மாத ஆளுக்கு அந்த இரண்டாம் முறையே கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒருவர் வந்து முதல்முறை நடத்திவிட்டுப் போவார். உங்கள் மாணவர்கள் எப்போதும் முதல்முறைப் பாடத்தையே கேட்பார்கள்.

பகுதிநேரமாக இருந்தபோது இதன் மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். பருவம் முடிந்தால் வருமானமும் முடிந்தது. ஜூன் மாதம் வந்தால் துணைப்பாட வகுப்பு எடுத்துத்தான் வீட்டுச் செலவைச் சமாளித்தேன். அடுத்த பருவத்துக்குக் கூப்பிடுவார்களா என்பது அது தொடங்கச் சில வாரங்களுக்கு முன்புதான் தெரியும். பாடத்திட்டத்தை மாற்ற யோசனை இருந்தாலும் வாயைத் திறக்கத் தயக்கம். முன்னாள் மாணவி ஒருத்தி மேற்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு எழுதியபோது, என் பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியே மூடப்பட்டிருந்தது. அவள் என்னைத் தேடிப் பிடித்ததே பெரிய விஷயம். வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு இன்னும் கஷ்டம். பத்து மாதத்துக்கு யார் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? நல்ல ஆசிரியர், வேறு வழி இருந்தால், இந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

"மாணவர் கருத்துப் படிவம் இருக்கிறதே, கற்பித்தலை அதை வைத்து அளக்கிறோம்" என்று நீங்கள் சொல்லலாம். அந்தப் படிவத்தோடு எனக்கும் பழக்கம் உண்டு. ஒரு பருவத்தில் எனக்கு வந்த கருத்துகளில் என் ஆங்கில உச்சரிப்பைப் பற்றி எழுதியவர்கள், என் கேள்விகளைப் பற்றி எழுதியவர்களைவிட அதிகம். கறாராகத் திருத்திய பருவத்தில் மதிப்பீடு இறங்கியது. தாராளமாக மதிப்பெண் போட்ட சக ஆசிரியருக்கு ஏறியது. ஆசிரியரின் பாலினமும் பேச்சும் இத்தகைய மதிப்பீடுகளைச் சாய்க்கின்றன என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. படிவத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. ஒரே சாட்சியாக அதை வைக்காதீர்கள் என்கிறேன். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரத்தில் அந்த எண் துறைக்குப் போனது. நான் திருத்திய கட்டுரைகளில் ஒன்றையாவது யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

இதெல்லாம் உலகத்தில் இல்லாத கோரிக்கை ஒன்றும் அல்ல. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்கென்றே தனிப் பணிப்பாதை இருக்கிறது, அதில் இணைப் பேராசிரியர், பேராசிரியர் வரை போக முடியும். டொரொன்டோ பல்கலைக்கழகம் கற்பித்தல் பிரிவில் இருப்பவர்களுக்கும் பேராசிரியர் பதவிப் பெயர்களைத் தந்திருக்கிறது. தத்துவத்தை எப்படிக் கற்பிப்பது என்பதற்காகவே 1975 முதல் ஓர் ஆய்விதழ் வெளிவருகிறது. கற்பித்தல் ஆசிரியரின் அறிவுழைப்பை எழுத்தில் பார்க்க விரும்பினால் அதற்கும் இடம் இருக்கிறது. அவர் தன் பாடத்திட்டத்தை ஏன் அப்படி அமைத்தார் என்று எழுதச் சொல்லுங்கள்.

தேவையும் குறையவில்லை. யேல்-என்யுஎஸ் கல்லூரியில் 2013 முதல் ஒவ்வொரு மாணவரும் தத்துவமும் அரசியல் சிந்தனையும் சிறு வகுப்பில் உட்கார்ந்து படித்தார்கள். 2025-இல் அதன் கடைசி அணி வெளியேறி, கல்லூரியும் மூடப்பட்டுவிட்டது. 'நாலெட்ஜ் அண்ட் இன்குவைரி' 2006-இல் வந்த பாடம்தான் என்றாலும் இன்றும் ஒருசில தொடக்கக் கல்லூரிகளில் மட்டுமே இருக்கிறது. அதாவது, வாதம் என்றால் என்ன என்பதைப் பெரும்பாலான பிள்ளைகள் முதன்முதலாகக் கேட்பது உங்களைப் போன்ற துறைகளின் அறிமுக வகுப்பில்தான். அந்த வகுப்பையே ஆண்டுக்கு ஒருவர் கையில் மாற்றி மாற்றிக் கொடுக்கப் போகிறீர்கள்.

பணம் இல்லை என்பதுதான் உண்மையான காரணம் என்றால், அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பட்ஜெட் நெருக்கடி எனக்கும் புரியும். ஆனால் விண்ணப்பத்தில் எதைக் கேட்பது, நேர்காணல் நாளில் எதைப் பார்ப்பது என்பதை மாற்ற ஒரு வெள்ளி கூடச் செலவில்லை.

நான் கேட்பவை இவை.

நேர்காணலில் ஆய்வுரைக்குப் பதிலாக, உண்மையான முதலாண்டு மாணவர்கள் முன்னால் ஒரு வகுப்பு நடத்தச் சொல்லுங்கள். தலைப்பை நீங்களே கொடுங்கள், சில நாள் அவகாசமும் கொடுங்கள். கடைசிப் பதினைந்து நிமிடம் மாணவர்கள் கேள்வி கேட்கட்டும், நீங்கள் வாயைத் திறக்காமல் பாருங்கள். அந்த மாணவர்களின் கருத்தை எழுத்தில் வாங்கிக் குழுவின் அறிக்கையோடு சேருங்கள்.

எழுத்து மாதிரிக்குப் பதிலாக, விண்ணப்பதாரர் திருத்திய மூன்று கட்டுரைகளை, மாணவர் பெயரை நீக்கிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். கூடவே ஒரு பாடத்திட்டம். கட்டுரைப் பட்டியல் வேண்டுமானால் இருக்கட்டும், தகுதி நிபந்தனையாக வேண்டாம்.

ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டு, சம்பளம் பன்னிரண்டு மாதத்துக்கும். மூன்றாம் ஆண்டில் எதை வைத்துப் பணியை நீட்டிப்பீர்கள், கற்பித்தல் பணிப்பாதையில் எப்போது சேர்ப்பீர்கள் என்பதை இப்போதே எழுத்தில் கொடுங்கள். பருவத்துக்கு இரண்டு பாடம் போதும். மூன்றுதான் என்றால், திருத்துவதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வையுங்கள்.

துறையில் இப்போது பகுதிநேரமாக இருக்கும் ஆசிரியர்களில் விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும் நேர்காணல் வாய்ப்பு கொடுங்கள். அவர்களுடைய வகுப்பைப் பார்க்க நீங்கள் மாடியிலிருந்து கீழே இறங்கி வந்தால் போதும்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் இம்மாதம் 30. அதற்கு முன் திருத்திய அறிவிப்பை வெளியிட்டு, தேதியை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதை எனக்கு அல்ல, உங்கள் துறை மாணவர்களுக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
துறையின் முன்னாள் மாணவி, முன்னாள் பகுதிநேர ஆசிரியர்
சிங்கப்பூர்